பக்கத்தில் ஆள் நின்றால்தான் செய்கிறார் என்றால்

திருக்கோவில் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு 26 வயது. பிறப்பிலிருந்தே மூளை வளர்ச்சிக் குறைபாடு, பேச்சில்லை, வலிப்புக்கு மருந்து எடுக்கிறார். வீட்டுக்குள் மெதுவாக நடப்பார். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அம்மா. அம்மாவுக்கு இப்போது முழங்கால் ஏலாது. "இந்த வயதில் இனி ஏதாவது பழக்கலாமா? கையைப் பிடித்துச் செய்வித்தால் செய்கிறார். 'ம், செய்யுங்க, செய்யுங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் கொஞ்சம் செய்கிறார். நான் அங்கால திரும்பினால் அப்படியே நின்றுவிடுகிறார்" என்கிறார். இப்படியானவர்களுக்குப் போனில் ஏதோ வசதி இருக்கிறதாமே, அது உதவுமா என்பது இரண்டாவது கேள்வி.

பழக்கலாம், தங்கச்சி. 26 வயது பிந்திய வயது இல்லை. என்ன நடக்கிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: நீங்கள் திரும்பினால் நின்றுவிடுகிறார். களிசானை இழுக்கவோ கோப்பையைப் பிடிக்கவோ அவருடைய கைக்குத் தெரிகிறது. ஆனால் அந்தக் கை அசைவதற்கான சைகையாக அவர் பழகியிருப்பது உங்கள் குரலையும் உங்கள் கையையும். களிசான் அவரிடம் எதையும் கேட்பதில்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள். நீங்கள் விலகியதும் சைகையும் போய்விடுகிறது. ஆகவே பழக்கத் தொடங்கும் நாளே உங்கள் கையை எப்படி, எந்த வரிசையில் எடுக்கப்போகிறீர்கள் என்று யோசித்துவிட வேண்டும். அதை யோசிக்காமல் வருடக்கணக்காகப் பழக்கும் வீடுகளை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்புக்கு அங்கே குறைவில்லை. அன்பு கூடினால் கை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

தொடங்குமுன் இரண்டு காரியம். மருத்துவச் சீட்டில் 'மிகத் தீவிரம்' என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். நுண்ணறிவு ஈவு (IQ) 20க்குக் கீழே என்றால் அந்த வகை என்று பழைய உலக சுகாதார நிறுவன வகைப்பாடு சொன்னது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அந்த எண்ணை விட்டுவிட்டு, அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்தே தீவிரத்தைச் சொல்கிறது. நமக்கும் அதுதான் பயன்படும். மற்றது, கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்து விடுங்கள். இவர்களில் பலருக்குக் கேள்வியோ பார்வையோ குறைவு, அது யாருக்கும் தெரியாமலே இருக்கும். காதில் குறும்பி அடைத்திருப்பவரைப் பார்த்து "சொன்னால் கேட்கிறாரில்லை" என்று வருத்தப்பட்டு என்ன பயன்? மலச்சிக்கலும் பல்வலியும் அப்படித்தான். சொல்ல வாயில்லாதவர் வலியைக் காட்டும் வழி பெரும்பாலும் "ஒன்றும் செய்யமாட்டேன்" என்பதுதான்.

இனி, எதைப் பழக்குவது? ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுங்கள். தினமும் இயல்பாக நடப்பதாக, முடிந்தவுடன் அவருக்கே ஒரு பலன் கிடைப்பதாக, அம்மாவின் முழங்காலுக்கும் ஆறுதல் தருவதாக இருந்தால் நல்லது. மணி கோர்ப்பது, நிறம் பிரிப்பது, அட்டையில் வட்டத்தை வட்டத்துக்குள் வைப்பது எல்லாம் இவர்களுக்கான பராமரிப்பு நிலையங்களில் நேரம் போக்க வைத்திருக்கும் வேலைகள். 26 வயது ஆம்பிளைக்கு அதில் என்ன கிடக்கு? கண்காட்சிக்கு வைக்க நன்றாக இருக்கும், அவ்வளவே. உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது களிசான் போடுவது. தினமும் குறைந்தது இரண்டு தரம் நடக்கும், அம்மா குனிந்து எழும்பும் வேலை, போட்டு முடித்ததும் முற்றத்துக்குப் போகலாம். முற்றம் அவருக்குப் பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே அதுதான் கூலி. தனியாக டொபி, பிஸ்கட் தேவையில்லை.

இலாஸ்டிக் வைத்த, ஒரு அளவு பெரிய களிசான் எடுங்கள். பொத்தானும் சிப்பும் வேண்டாம். இடுப்புப் பட்டியின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு நாடா வளையம் தைத்துவிடுங்கள், தையல் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் செய்வார்கள். கால் நிலத்தில் படும் உயரத்தில், கைப்பிடி வைத்த, ஆடாத கதிரை ஒன்று. பிளாஸ்டிக் கதிரை பின்னால் சாயும், அதை விடுங்கள்.

வேலையை முடிவிலிருந்து பழக்க வேண்டும். வலது கால், இடது கால், முழங்கால் வரை இழுப்பது, எழும்பிப் பிடித்து நிற்பது, தொடைக்கு மேலே கொண்டுவருவது, இவ்வளவையும் முதலில் நீங்களே செய்துவிடுங்கள். இடுப்புக்கு நாலு விரல் கீழே களிசானை நிறுத்துங்கள். மிச்சம் அந்தக் கடைசி இழுப்பு மட்டும். அவருடைய கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டு, உங்கள் கையை அவர் கைக்கு மேலே வைத்து, சேர்ந்து இழுங்கள். ஏறினதும் உடனே முற்றம். தாமதிக்கக் கூடாது. இழுப்புக்கும் முற்றத்துக்கும் நடுவில் தலை சீவுவது, பவுடர் போடுவது என்று வேறு வேலை புகுந்தால் எதற்கு எது கிடைத்தது என்று அவருக்கு விளங்காது.

முதலில் இருந்து பழக்கினால் என்ன என்று கேட்பார்கள். பழக்கலாம், சிலருக்கு அது சரிவரும். ஆனால் முதற்படியைச் செய்துவிட்டு மற்றவர் முடிக்கும்வரை காத்திருப்பவருக்கு, தான் செய்ததற்கு என்ன கிடைத்தது என்று தெரிவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். கடைசிப் படியைச் செய்பவர் ஒவ்வொரு தரமும் தானே வேலையை முடிக்கிறார். கடைசிப்படி தானாக வந்தபின் அதற்கு முந்தியதை அவரிடம் விடுங்கள். மறுகா அதற்கு முந்தியது.

இப்போது உங்கள் கை. இறுக்கிப் பிடித்திருந்த உங்கள் விரல்களை முதலில் தளர்த்துங்கள், அவர் கைமேல் சும்மா கிடக்கட்டும். அவர் கை தானாக மேலே போவதை உணர்ந்தால் உங்கள் கையை மணிக்கட்டுக்கு நகர்த்துங்கள். சில நாள் கழித்து முன்கை, பிறகு முழங்கை, பிறகு தோள். அப்புறம் தொடாமல், ஒரு சாண் தூரத்தில் உங்கள் கை கூடவே போகட்டும். அவர் நின்றுவிட்டால் திரும்பவும் முழங்கையைத் தொடுங்கள், அசைந்ததும் எடுத்துவிடுங்கள். இந்தக் கூடுதலும் குறைதலும் ஒரே இழுப்புக்குள்ளேயே நடக்கும். கையைப் பின்னாலிருந்து, அவர் பார்வைக்குப் படாமல் கொடுங்கள். முன்னால் நின்றால் அவர் களிசானைப் பார்க்கமாட்டார், உங்கள் முகத்தைப் பார்த்து அனுமதிக்காகக் காத்திருப்பார். உங்கள் வீட்டில் இப்போது நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

கையைப் பறித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். இழுத்துப் பிடித்துச் செய்விப்பது பழக்குவதில் சேராது. அப்படியானவருக்கு உங்கள் கையைக் கீழேயும் அவர் கையை மேலேயும் வைத்துச் செய்து காட்டலாம். வேண்டாமென்றால் அவரே கையை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பயம் இல்லை. கண்ணும் காதும் இரண்டுமே குறைந்தவர்களோடு வேலை செய்கிறவர்கள் இந்த முறையைத்தான் பெரிதாக நம்புவார்கள்.

கையை எடுப்பதைவிட வாயை அடைப்பது கஷ்டம். "எடுங்க அண்ணா, இழுங்க, ம், ம், இன்னும் கொஞ்சம், கெட்டிக்காரன்" என்று நாங்கள் ஓயாமல் கதைப்போம். அவருக்கு அதில் சொல் ஒன்றும் இல்லை, ஒரு சத்தம் மட்டும். அந்தச் சத்தம் நின்றதும் வேலையும் நிற்கும். தொடக்கத்தில் ஒரேயொரு சொல், "களிசான்", அதோடு களிசானைக் கையில் தொட்டுக் காட்டுங்கள். பிறகு மௌனம். முடிந்ததும் ஒரு சிரிப்பு, முற்றம்.

மௌனத்தை அளந்து கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. 1971இல் பால் டுஷெட் என்ற ஆய்வாளர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பதின்ம வயதுப் பையன்களுக்கு இரண்டு உருவங்களில் சரியானதைத் தெரிந்தெடுக்கப் பழக்கினார். சரியான விடையை ஒரு சிவப்பு நிறம் காட்டிக்கொடுக்கும். பையன் சரியாகச் செய்யச் செய்ய, அந்தச் சிவப்பை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி வரவைத்தார். ஒரு கட்டத்தில் சிவப்பு வருமுன்னரே அவர்கள் சரியானதைத் தொட்டுவிட்டார்கள். உதவியை எடுக்கவில்லை, பிந்தவைத்தார், அவ்வளவுதான். வீட்டில் இதைச் செய்ய ஒரு கருவியும் வேண்டாம். முதல் நாட்களில் தாமதமில்லாமல் உதவுங்கள். பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு உதவுங்கள். பிறகு ஐந்து, தேவையானால் பத்து. இவர்களில் பலருக்குக் கேட்டதை உள்வாங்கிக் கை அசைய வெகு நேரம் எடுக்கும். நாங்கள் இரண்டு வினாடியில் பொறுமையிழந்து கையை நீட்டி விடுவோம், அவர் அப்போதுதான் தொடங்கப் பார்த்திருப்பார்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பாவம் புள்ள, நான் போட்டுவிடுறன்" என்று அம்மா ஒரு தரம் வந்தால் அன்றைய வேலை போய்விடும். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள், ஆகவே அம்மாவுக்குப் பின் அண்ணன் உங்கள் வீட்டில்தான் இருப்பார், அது அம்மாவுக்கும் தெரியும். அதைச் சொல்லி அவரைப் பயப்படுத்த வேண்டாம். களிசான் நேரத்தில் மட்டும் அம்மாவுக்கு அடுப்படியில் ஒரு வேலை கொடுங்கள். காலையில் ஊட்டுவதை அவரிடமிருந்து பறிக்காதீர்கள், அதை இன்னொரு வருடம் பார்க்கலாம். ஊட்டுவதை மாற்றும்போது விழுங்குவதில் சிக்கல், இருமல், புரைக்கேறுதல் இருக்கிறதா என்று முதலில் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். அது இல்லாமல் நான் எந்த யோசனையும் சொல்லமாட்டேன்.

பழகவில்லை என்றால் ஆளைக் குறை சொல்லுமுன் பொருளை மாற்றிப் பாருங்கள். அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1970களின் தொடக்கத்தில், எந்த வேலைக்கும் உதவமாட்டார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த இளைஞர்களுக்கு 15 பாகங்கள் உள்ள சைக்கிள் பிரேக்கைப் பூட்டப் பழக்கினார். சில பாகங்களில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டுமோ அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு பூசினார். பூசிய பாகங்களில் பழகியவர்கள் பூசாதவற்றில் பழகியவர்களைவிட வெகு விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள். வாயால் சொல்லிக்கொடுப்பதை அவர் மிகக் குறைவாகவே வைத்திருந்தார். களிசானில் தைத்த வளையமும் அதே யோசனைதான். முன்பக்கம் தெரிய ஒரு தடித்த துணித் துண்டு தைக்கலாம், விரலுக்குப் படும். சோற்றுக் கோப்பை வழுக்கினால் அடியில் ஈரத்துணி, விளிம்பு உயர்ந்த கோப்பை. பிட்டு சிதறும், ஆகவே கையால் சாப்பிடப் பழக்கும் காலத்தில் குழைந்த சோறும் பருப்பும்.

இனி இரண்டாவது கேள்வி, போன். ஒவ்வொரு படியும் தனியாகத் தெரியும், ஆனால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகத் தெரியாது என்கிறவர்களுக்காகத்தான் அது வந்தது. இத்தாலியரான ஜூலியோ லான்சியோனி பல வருடமாக இதில் வேலை செய்தவர். 2000ஆம் ஆண்டளவில் அவரும் கூட்டாளிகளும், கையில் அடங்கும் சின்னக் கணினி ஒன்றில் வேலையின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார்கள். அடுத்த படத்துக்கு ஒரே ஒரு பொத்தான். ஆள் சும்மா நின்றுவிட்டால் கருவியே சத்தத்தாலோ அதிர்வாலோ ஞாபகப்படுத்தும். அட்டைகளில் படம் வைத்துப் பழக்குவதைவிட அது நன்றாக வேலை செய்தது. அட்டை என்றால் இரண்டு மூன்றைச் சேர்த்துப் புரட்டிவிடுவார்கள், இடையில் விட்டுவிடுவார்கள், யாரோ பக்கத்தில் நின்று "அடுத்ததைப் புரட்டுங்க" என்று சொல்லவேண்டி வரும். பிற்காலத்தில் அதே வேலையைச் சாதாரண ஸ்மார்ட் போனிலேயே செய்தார்கள், பொத்தானும் இல்லாமல் குறித்த இடைவெளியில் தானாகவே ஒவ்வொரு படியாகச் சொல்லும்படி வைத்து. ஞாபகப்படுத்துகிறவர் ஆளாக இல்லாமல் ஒரு பொருளாக இருந்தால், ஆள் விலகினாலும் வேலை நிற்காது. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிற இடம் இதுதான்.

ஆனால் அந்தப் படக் கருவியில் பழகியவர்கள் படத்தையும் பொருளையும் இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். உங்கள் அண்ணனிடம் ஒரு துவாயின் படத்தைக் காட்டிப் பாருங்கள், பக்கத்தில் உண்மையான துவாயும் சவுக்காரமும் கிடக்கட்டும். துவாயை எடுக்கவில்லை என்றால் படம் இப்போதைக்கு வேண்டாம், போன் வாங்கிக் காசைச் செலவழிக்கவும் வேண்டாம். பொருளே படமாக இருக்கட்டும். ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குக் கண் தெரியாது, பேச்சில்லை. குளிக்கப் போகுமுன் ஒவ்வொரு நாளும் அதே துவாய்த் துண்டைக் கையில் கொடுத்தார்கள், வேறு எதற்கும் அதைக் கொடுப்பதில்லை. கொஞ்சக் காலத்தில், துண்டைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானே எழும்பிக் கிணற்றடிப் பக்கம் திரும்பத் தொடங்கினார். முன்பு இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் குளிக்கவைத்தார்கள்.

குளிப்பதற்கு இதைக் கொஞ்சம் நீட்டலாம். கிணற்றடியில் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். இடமிருந்து வலமாக, தண்ணீர் வார்க்கும் கிண்ணம், வலைப் பைக்குள் சவுக்காரம், திரும்பவும் ஒரு கிண்ணம், துவாய், களிசான். ஒவ்வொன்றையும் எடுத்துப் பாவித்ததும் கீழே இருக்கும் பேசினுக்குள் போடவேண்டும். கயிறு வெறுமையானால் குளிப்பு முடிந்தது. அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, கயிற்றைப் பார்த்தால் போதும், அல்லது தடவினால் போதும். கையைப் பிடித்து உதவுவதென்றால் பொருளைக் கையில் திணிக்காதீர்கள், முழங்கையைக் கயிற்றுப் பக்கம் திருப்பிவிடுங்கள். வாளித் தண்ணீர் முன்னமே நிரம்பி இருக்கட்டும். கிணற்றுக்கட்டு உயரம் போதாது என்றால் மூடி போடாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். வலிப்பு உள்ள ஒருவரை அங்கே ஒரு நிமிடமும் தனியாக விட முடியாது. தானாகக் குளிப்பது என்றால் நீங்கள் அங்கே இருப்பீர்கள், ஆனால் கதைக்கமாட்டீர்கள், தொடமாட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன் மாதிரி ஏதாவது கருவி வைக்க ஆசை என்றால் இப்போதைக்கு ஒரே வேலைக்கு: அவருக்குப் பிடித்த பாட்டு. ரேடியோ திருத்துகிற கடையில் சொன்னால், உள்ளங்கை அகலப் பொத்தான் ஒன்றை அழுத்தினால் பாட்டுப் பெட்டி கொஞ்ச நேரம் பாடி நிற்கும்படி செய்து தருவார்கள். "நான் செய்தால் ஒன்று நடக்கும்" என்பது தெரியாதவருக்குக் களிசானும் கயிறும் விளங்குவது கஷ்டம், அது பொத்தானில் வெகு சீக்கிரம் தெரியவரும். படுத்த படுக்கையாக, ஒரு விரலோ தலையோ மட்டும் அசைக்கக் கூடியவர்களுக்கும் இதே வழிதான். மெயின் கரண்ட் மட்டும் வேண்டாம், பெற்றரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

எல்லாப் படியும் வராது. வலது காலைக் களிசானுக்குள் விடுவது அவருக்கு ஒருக்காலும் வராமல் போகலாம். அதற்காக முழுவதையும் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. காலை நீங்கள் விடுங்கள், இழுப்பது அவருடையது, அது அவருடையதாகவே இருக்கட்டும். முழுதாகச் செய்ய முடியாதவர் செய்யக்கூடிய பங்கையாவது செய்யவேண்டும் என்பதை 1982இலேயே விசேட கல்வியில் ஒரு கொள்கையாக எழுதிவிட்டார்கள். எங்கள் ஊரில் இன்னும் "முழுசா ஏலாதெண்டா விடுங்க" என்பதுதான் வழக்கம்.

ஒரு கொப்பி வைத்திருங்கள். படிகளை மேலிருந்து கீழே எழுதி, நாளை மேலே போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து: 'பி' பிடித்துச் செய்வித்தது, 'தொ' தொட்டதும் செய்தது, 'தா' தானாகச் செய்தது. ஞாபகத்தை நம்ப வேண்டாம். நல்ல நாளையும் கெட்ட நாளையும்தான் அது வைத்திருக்கும். 'பி' மெதுவாக 'தொ' ஆவது கண்ணுக்குத் தெரியாது, கொப்பியில் தெரியும். இரண்டு மூன்று வாரமாக ஒரு படி 'பி'யிலேயே நின்றால் அந்தப் படி பெரிது, அதை இரண்டாக உடையுங்கள். வலிப்பு வந்த நாளையும், மருந்தின் அளவு மாறிய நாளையும் அதே கொப்பியில் குறியுங்கள். தூக்கக் கலக்கத்தால் பின்னுக்குப் போனதா, பழக்கியது பிழையா என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையே காட்டுங்கள், நீங்கள் வாயால் சொல்வதைவிட வைத்தியருக்கு அது உதவும்.

உங்களிடம் செய்வது மற்றவர்களிடமும் வரவேண்டும். தானாக வரத் தொடங்கியதும் வாரத்தில் ஒரு நாள் உங்கள் கணவரோ மச்சாளோ நிற்கட்டும், வேறு நிறக் களிசான், வேறு அறை. மார்கழி மழைக்கு வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்துக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போகவேண்டி வந்தால், பழகியதெல்லாம் போய்விட்டது போலத் தெரியும். கயிறு, கிண்ணம், வளையம் தைத்த களிசான் மூன்றையும் மருந்துப் பையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். போன இடத்தில் சில நாளைக்கு முழங்கையைத் தொட வேண்டி வரலாம், தொடுங்கள், பிறகு பழையபடி எடுத்துவிடுங்கள்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், கொடுப்பனவுப் பதிவு இல்லையென்றால் அதையும் செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவுகிற சிகிச்சையாளர்) இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் கதிரையின் உயரம், அண்ணன் நிற்கும்போது பிடித்துக்கொள்ளும் கம்பி, வளையம் தைக்கும் இடம், இந்த மூன்றையும் அவரிடம் கேட்டே முடிவெடுங்கள். கயிற்றுக்கு இன்னும் அவசரமில்லை. முதலில் களிசானின் அந்தக் கடைசி நாலு விரல். இரண்டு மாதம் கழித்துக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த படியைச் சொல்லலாம்.